கோவில்காட்டுப் பக்கம் சுடுபயிற்சி வந்தால்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஜார்க்கண்டின் நேதர்ஹாட் மலைப்பகுதி பற்றி ஒரு குறிப்பு வந்தது. ராணுவம் பீரங்கி சுட்டுப் பழகும் தளத்தை எதிர்த்து அங்கே ஆதிவாசிகள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நின்று போராடியதைச் சொன்ன குறிப்பு அது. அதைப் படித்துவிட்டு மதுரைப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நேதர்ஹாட் மக்களின் நிலத்தை ராணுவம் வாங்கவும் இல்லை, பறிக்கவும் இல்லை என்கிறார்கள். பிறகு எதற்கு அத்தனை பெரிய போராட்டம்? (வாசகர், மேலூர்)

பட்டா கையில் இருக்கும்போதே நிலம் கையை விட்டுப் போக ஒரு வழி உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில், 1938இல் வந்த சட்டம் ஒன்று இன்றும் நடப்பில் இருக்கிறது. ராணுவ ஒத்திகை, களச் சுடுபயிற்சி, பீரங்கிப் பயிற்சி ஆகிய மூன்றுக்குமான சட்டம் அது. இன்ன எல்லைக்குள், இன்ன ஆண்டு வரை, படைகள் சுட்டுப் பழகலாம் என்று மாநில அரசு அரசிதழில் அறிவிக்கை போட்டால் போதும். கையகப்படுத்தல் கிடையாது, கிரயம் கிடையாது. சுடும் நாட்களில் ஊர் சனம் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு வெளியேற வேண்டும், மாலையில் திரும்பலாம்.

நேதர்ஹாட்டில் 1964 முதல் இப்படித்தான் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த அறிவிக்கைகளில் எல்லை 1,471 சதுர கிலோமீட்டராக, 245 கிராமங்களாக விரிந்தது. ஓராவோன், முண்டா, அசுர் மக்களின் ஊர்கள் அவை. அவர்கள் கும்பிடும் ‘ஸர்னா’ என்பது சால மரத்தோப்பு. நம் கோவில்காடு போலவே அங்கும் மரத்தில் கை வைக்க மாட்டார்கள். முன்னோரைப் புதைத்த நிலமும் ஊரை ஒட்டியே இருக்கும். சாமியும் சமாதியும் இருக்கிற மண்ணில் குண்டு விழும் என்றால் இழப்பீட்டுத் தொகை எதை ஈடுகட்டும்?

1994 மார்ச் 22, 23 தேதிகளில் பயிற்சிக்கு வந்த ராணுவ வண்டிகளை டுட்டுவாபானி என்ற இடத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து மறித்தார்கள். பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஒரு கல்லும் எறியப்படவில்லை. வண்டிகள் திரும்பின.

ஆனால் அறிவிக்கை திரும்பவில்லை என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். காகிதத்தில் அது 2022 மே 11 வரை உயிரோடு இருந்தது. அதனால்தான் அந்த மக்கள் ஒவ்வோர் ஆண்டும் அதே இரண்டு தேதிகளில் அதே இடத்தில் கூடினார்கள். 2022 ஏப்ரலில் டுட்டுவாபானியிலிருந்து ராஞ்சி ஆளுநர் மாளிகை வரை நடந்தே போனார்கள். ஆகஸ்டில் முதலமைச்சர் ஹேமந்த் சோரன் நீட்டிப்பு கிடையாது என்று அறிவித்தார். களத்தில் ஜெயித்த பிறகும் அரசிதழ்த் தேதியை இருபத்தெட்டு ஆண்டுகள் கண்ணில் வைத்திருந்த அவர்களின் விடாப்பிடிக்குத் தலைவணங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் மலையடிவாரத்தில் அளவு எடுத்துப் போனார்கள். துப்பாக்கி சுடும் தளம் வருகிறது என்று பேச்சு. கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது? (மதுரை மாவட்ட வாசகி, ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

முதலில், சுடப்போவது யார் என்று தெரிய வேண்டும் அம்மா. ராணுவம் என்றால் மேலே சொன்ன 1938 சட்டம், அரசிதழ் அறிவிக்கை என்ற வழி. காவல்துறையோ மத்திய ஆயுதப் படைகளோ நிரந்தரமாகத் தளம் அமைப்பது என்றால், பெரும்பாலும் வருவாய்த்துறை புறம்போக்கு நிலத்தை ஒதுக்கிக் கொடுப்பதோடு காரியம் முடிந்துவிடும். இரண்டுக்கும் எதிர்க்கும் வழி வேறு வேறு.

அடுத்தது நிலத்தின் வகை. சர்வே எண் தெரிந்தால், ஊரின் ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், கிராம வரைபடத்தைப் பார்த்துக் கேளுங்கள். நம் பக்கத்தில் அடிக்கடி காணும் கோளாறு ஒன்று: தலைமுறை தலைமுறையாகக் கும்பிடும் காடு, 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றோ ‘கல்லாங்குத்து’ என்றோ பதிவாகியிருக்கும். சென்னையிலோ தில்லியிலோ கோப்பு பார்ப்பவருக்கு அது வெற்று நிலம். அதனால் அந்தத் திட்டத்துக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டு நகலையும் கேட்டு வாங்குங்கள். பழைய பதிவில் ‘கோவில்’, ‘ஊருணி’, ‘மேய்ச்சல்’ என்று ஒரு வார்த்தை இருந்தால் அது பெரிய பிடி. அடங்கலின் (நிலவாரியாகப் பயிர் விவரம் எழுதும் கிராமக் கணக்கு) குறிப்புக் கட்டத்தையும் சில பசலிகளுக்கு, அதாவது சில வருவாய் ஆண்டுகளுக்கு, பின்னோக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலர் தவறுவது எங்கே என்றால், நேரே மத்திய ஆயுதப் படையின் அலுவலகத்துக்கு மனு போடுவதில்தான். சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை), சி.ஆர்.பி.எஃப். (மத்திய ரிசர்வ் போலீஸ் படை), இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை எல்லாம் இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்கு பெற்றவை. ஊழல், மனித உரிமை மீறல் தவிர வேறு கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை. ராணுவம் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்கலாம். ஆகவே படையைப் பற்றிக் கேட்காதீர்கள், நிலத்தைப் பற்றிக் கேளுங்கள். “இன்ன சர்வே எண்ணை ஒதுக்கீடு செய்ய வந்த கடிதங்களின் நகல், வட்டாட்சியர் அனுப்பிய தல ஆய்வு அறிக்கை, வரைபடம், கோப்பு எண்” என்று கேட்டால் மறுக்கக் காரணம் கிடைப்பது கடினம். “ஏன்”, “எதற்காக” என்ற கேள்விகள் வேண்டாம். கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் அவர்கள் தர முடியும், விளக்கம் தர வேண்டியதில்லை.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். பின்னால் நீதிமன்றம் போனால், ‘முன்பே தெரிவித்தோம்’ என்பதற்கு அந்த ரசீதுதான் சாட்சி.

கேள்வி: கிராமசபையில் தீர்மானம் போட்டால் மதிப்பார்களா? எப்படி எழுத வேண்டும்? (வாசகர், கொட்டாம்பட்டி)

எழுதுகிற விதத்தில் இருக்கிறது. “துப்பாக்கிப் பயிற்சித் தளத்தை இந்தக் கிராமசபை வன்மையாகக் கண்டிக்கிறது” என்று இரண்டு வரி எழுதினால் கோப்பில் சேர்த்துவிட்டு மறந்துபோவார்கள்.

சர்வே எண்களைக் கண்டிப்பாக எழுதுங்கள். அவற்றுக்குள் இருக்கும் சாமி பீடம், சுனை, ஊருணி, இடுகாடு, நடுகல், கல்வெட்டு, சமணர் படுகை என்று ஒவ்வொன்றையும் எண்ணோடு குறியுங்கள். புரவி எடுப்பு எந்த மாதம், எந்த வழியாகப் போகிறது, பிடிமண் எடுப்பது எந்தக் கண்மாயில், மஞ்சுவிரட்டுத் திடல் எது, எத்தனை குடும்பத்து ஆடு மாடு அங்கே மேய்கிறது என்பதும் வேண்டும். கையால் வரைந்த வரைபடம் ஒன்றை இணைப்பாக வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: கோவிலை ஒரு புள்ளியாகக் காட்டாதீர்கள், முழுப் பரப்பாகக் காட்டுங்கள். 1938 சட்டமே வழிபாட்டிடத்துக்கும், அதை ஒட்டிய நிலத்துக்கும், புனிதமாகக் கருதும் கிணறு குளத்துக்கும் விலக்குத் தருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் ‘அபாய மண்டலம்’ என்று அறிவித்த எல்லைக்குள் விழுந்தால், ஆட்களையும் கால்நடையையும் அங்கிருந்து அப்புறப்படுத்தும் அளவுக்குத் தலையிடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பீடத்தில் கை வைக்க மாட்டார்கள், ஆனால் பொங்கல் வைக்க நீங்கள் போக முடியாது. சுற்றியுள்ள காடு, பாதை, தண்ணீர் எல்லாம் சேர்ந்ததுதான் கோவில் என்று முன்கூட்டியே பதிவாகியிருந்தால்தான் இந்த ஓட்டையை அடைக்க முடியும்.

அரிட்டாபட்டி இதற்கு நம் கண்முன் நடந்த பாடம். விஷயம் சுரங்கம்தான், ஆனால் கணக்கு ஒன்றே. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193.215 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பர் 7இல் டங்ஸ்டன் ஏலம் போனதோ 2,015.51 ஹெக்டேர். எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் என்ன சொன்னது? பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மறு ஆய்வு செய்யச் சொன்னது. பட்டியலில் ஏறிய நிலம் தப்பும், ஏறாத ஊர்கள் போகும் என்ற நிலை. மேலூர்ச் சனம் அதற்கு மசியவில்லை. நவம்பர் 23 கிராமசபைகளில் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தார்கள். 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23இல் ஏலமே ரத்தானது. சட்டமன்றம் டிசம்பர் 9இல் போட்ட தீர்மானமும் துணை நின்றது.

நடைமுறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பை, அதாவது குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதை, முதலில் பாருங்கள். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது என்று பிறகு ஒதுக்கிவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழுந்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள். தீர்மானத்தை முன்பே தட்டச்சு செய்து கொண்டுபோய், ஊராட்சிச் செயலாளர் தீர்மானப் புத்தகத்தில் வரிக்கு வரி எழுதுவதைக் கூட இருந்து பாருங்கள். ‘பொருள்: இதர’ என்ற தலைப்பில் சுருக்கி எழுத விடாதீர்கள். பற்றாளர் (கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலர்) கையெழுத்துப் போட்ட பக்கத்தை அன்றைக்கே போன் கேமராவில் எடுத்துக்கொண்டு, சான்றிட்ட நகலுக்கு மறுநாள் மனு போடுங்கள். தலைவர் பதவி காலியாக இருந்தால் தனி அலுவலரிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் முன்னாள் ராணுவத்தான். பயிற்சி இல்லாமல் எப்படிப் படை இருக்கும்? எதிர்ப்பது தேசத்துக்கு எதிரானதல்லவா? (வாசகர், உசிலம்பட்டி)

பயிற்சி வேண்டும் ஐயா, அதில் மாற்றுக்கருத்து இல்லை. எங்கே என்பதுதான் கேள்வி. 1971 போரில் கங்காசாகரில் உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா, கும்லா மாவட்டத்து ஓராவோன் ஆதிவாசி. நேதர்ஹாட் தளத்தின் எல்லை எந்த மாவட்டங்களில் விரிந்ததோ, அவற்றில் கும்லாவும் ஒன்று. அந்த மண் படைக்குப் பிள்ளைகளைக் கொடுத்த மண். தன் ஸர்னாவில் குண்டு விழ வேண்டாம் என்று கேட்க அதைவிட உரிமை உள்ளவர் யார்?

உங்களைப் போன்றோர் இதில் முன்னால் நிற்க வேண்டும் என்றே விரும்புகிறோம். சுடும் திசை, தடுப்புச் சுவர், சிவப்புக் கொடி, காவலுக்கு நிற்கும் ஆள் என்று தளத்தின் பாதுகாப்பு ஏற்பாட்டில் எங்கே குறை என்று ஒரே பார்வையில் உங்களுக்குத் தெரியும். அதை எழுதித் தந்தால் ஊர் மனுவுக்குக் கனம் கூடும்.

கேள்வி: மலைக்கு அந்தப் பக்கம் சுடுகிறார்கள், இந்தப் பக்கம் ஊர் இருக்கிறது. ஆபத்து என்ன இருக்க முடியும்? (வாசகி, அழகர்கோவில் சாலை)

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2021 டிசம்பர் 30இல், அம்மாசத்திரம் பகுதியில் உள்ள தளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, தளத்தை விட்டு வெகுதூரம் தள்ளி வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் அந்தப் பிள்ளை இறந்தான். தளம் மூடப்பட்டது. விஜயாலய சோழீச்சரமும் சமணர் குகையும் உள்ள மலைச்சாரல் அது.

காரணம் கணக்கில் இருக்கிறது. ரைபிள் குண்டு 3 கிலோமீட்டருக்கும் மேல் போகக்கூடியது. 300 மீட்டரில் இலக்கு இருக்கும்போது துப்பாக்கி முனை ஒரே ஒரு டிகிரி கூடுதலாகத் தூக்கிவிட்டால், இலக்கு நிற்கும் இடத்தில் குண்டு ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்து போகும். பின்னால் உள்ள மண்மேடு அதற்குக் குறைவான உயரம் என்றால் தடுப்பே இல்லை என்றுதான் பொருள். நம் பக்கத்து மலைகள் கருங்கல். மண்மேட்டில் குண்டு புதையும், பாறையில் பட்டால் தெறித்து எந்தத் திசையிலும் போகும். ‘மலையே தடுப்புச் சுவர்’ என்று சொல்லி வழுக்குப்பாறையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பீரங்கி என்றால் கதையே வேறு. நம் ராணுவத்தின் 105 மி.மீ. பீரங்கி 17 கிலோமீட்டர் வரை சுடும்.

தண்ணீரும் இருக்கிறது. குண்டுகளில் உள்ள ஈயம் தடுப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மழையில் அரித்து ஓடைக்கு வரும். பெரிய வெடிகுண்டுகளில் உள்ள ஆர்.டி.எக்ஸ். என்ற வெடிமருந்து மண்ணில் ஒட்டாமல் நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்ப் எட்வர்ட்ஸ் தளத்தில் இதனால்தான் 1997இல் சுற்றுச்சூழல் முகமையே பயிற்சியை நிறுத்த உத்தரவிட்டது. சுனைத் தண்ணீரைச் சாமிக்கும் மனிதருக்கும் எடுக்கிற ஊர்கள், தளம் வரும் முன்பே தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் ஈயத்துக்குச் சோதித்து அறிக்கை வாங்கி வைப்பது நல்லது. முன் அளவு இல்லாமல் பின் அளவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: நாங்கள் பளியர் பழங்குடியினர். எங்கள் சாமி இருப்பது காப்புக்காட்டுக்குள். எங்களுக்கு என்ன பிடிமானம்? (வாசகர், சிறுமலை)

2006 வன உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் சேர்ந்த பழங்குடிப் பகுதி ஏதும் இல்லாததால், ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்கு இருக்கும் ‘பெசா’ சட்டம் (அத்தகைய பகுதிகளின் ஊராட்சிகளுக்கான சட்டம்) உங்களுக்கு வராது. வன உரிமைச் சட்டம் வரும். தனிநபர் பட்டாவோடு நின்றுவிடாதீர்கள். சமூக உரிமைக்குப் படிவம் ‘ஆ’, சமூக வன வளத்துக்கு (ஊர் வழிவழியாகப் பயன்படுத்திக் காத்துவரும் காட்டுக்கு) படிவம் ‘இ’, இரண்டையும் போடுங்கள். பாரம்பரியக் கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் எல்லாம் விதி 13இன்படி செல்லுபடியாகும் சான்றுகள். பெரியவர்களின் எழுத்து வடிவ வாக்குமூலமும் சான்றுதான். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று கட்டாயம் வேண்டும். வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். உரிமை கோரி மனு நிலுவையில் இருக்கும்வரை உங்களை வெளியேற்ற முடியாது.

ஒடிசாவின் நியமகிரியில் சுரங்கத்துக்கு எதிராக 2013 ஏப்ரல் 18இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மலையைத் தெய்வமாகக் கும்பிடும் உரிமையைக் கிராமசபையே முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராமசபையும் சுரங்கம் வேண்டாம் என்றன. மனுவில் இந்தத் தீர்ப்பைச் சுட்டுங்கள். ஓர் எச்சரிக்கை: 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த திருத்தம், பாதுகாப்புத் தொடர்பான கட்டுமானத்துக்கு 10 ஹெக்டேர் வரை விலக்குத் தருகிறது. சிறிய தளம்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். சிறிய தளத்துக்குத்தான் வழி சுலபம்.

கேள்வி: வெளிநாட்டில் இப்படி வென்றவர்கள் உண்டா? ஐ.நா. எதுவும் சொல்லியிருக்கிறதா? (கல்லூரி மாணவி, மதுரை)

ஹவாயின் கஹோவோலாவே தீவு. 1941இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் குண்டு வீசிப் பழகியது. 1976 ஜனவரியில் பூர்வகுடி மக்கள் படகில் போய் இறங்கினார்கள், வழக்கும் போட்டார்கள். 1980இல் நீதிமன்ற உடன்பாட்டில் வழிபாட்டுக்குத் தீவில் இறங்க உரிமை கிடைத்தது. 1981இல் தீவு முழுவதும் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் ஏறியது. ஆனாலும் குண்டுவீச்சு நின்றது 1990 அக்டோபரில்தான். 40 கோடி டாலர் ஒதுக்கிச் சுத்தம் செய்த பிறகும் ஏறத்தாழ கால்வாசி நிலம் தொடப்படாமலே கிடக்கிறது. வெடிக்காத குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாததால் இன்றும் விருப்பம்போல் நடமாட முடியாது. ஆரம்பத்திலேயே எதிர்க்க வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஐ.நா.வின் 2007 பழங்குடி உரிமைப் பிரகடனம், 30ஆம் பிரிவில், தக்க பொதுநலக் காரணமோ அம்மக்களின் தடையற்ற சம்மதமோ இன்றி அவர்கள் நிலத்தில் ராணுவ நடவடிக்கை கூடாது என்கிறது. முன்கூட்டியே அவர்களைக் கலந்தாலோசிக்கவும் சொல்கிறது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. சட்டம்போல் கட்டாயப்படுத்தாது என்றாலும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடும்போது ஒரு பத்தியாகச் சேர்க்கலாம்.

கேள்வி: பயிற்சி நடந்தே விட்டது. பயிர் போச்சு, கூலி போச்சு. பணம் வாங்கினால் சம்மதித்ததாக ஆகிவிடுமா? (வாசகர், வாடிப்பட்டி)

ஆகாது. 1938 சட்டப்படி நடந்த பயிற்சி என்றால் பயிர்ச் சேதம், வெளியேற்றப்பட்டதால் போன கூலி, பாதுகாத்துக்கொள்ளச் செய்த நியாயமான செலவு எல்லாவற்றுக்கும் இழப்பீடு உண்டு. வருவாய் அலுவலர் மதிப்பிடுவார். தொகை போதாது என்றால், முடிவு தெரிந்த 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்வதாக ஆட்சியருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்த 15 நாளைத்தான். ரசீதில் கையெழுத்துப் போடும்போது, “சேதத்துக்கான இழப்பீடு மட்டும், தளம் அமைப்பதற்கான ஆட்சேபணை தொடர்கிறது” என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போடுங்கள்.

சுடும் நாளில் எல்லைக்குள் புகுந்து மறியல் செய்ய வேண்டாம். அது குற்றம் என்பதோடு உயிருக்கும் உலை. டுட்டுவாபானியில் வண்டிகளை மறித்தது சாலையில், சுடத் தொடங்கும் முன். காட்டில் தோட்டாவோ உருளையான இரும்போ கிடந்தால் பிள்ளைகளும் பழைய இரும்பு பொறுக்குவோரும் தொடாமல் பாருங்கள். பக்கத்தில் கொம்பு நட்டுத் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு, விலகி வந்து 112க்குச் சொல்லுங்கள்.